சேலம் – சென்னை வான்வழி: தொலைவு, பறக்கும் நேரம், வரலாறு

சேலம் விமான நிலையம் சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வரையிலான நேர்கோட்டு வான்தொலைவு ஏறத்தாழ 266 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். 72 வகை விமானம் இத்தொலைவைக் கடக்கக் கால அட்டவணைப்படி 55 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டத்தாருக்கும், தருமபுரி மாவட்டத்தின் நல்லம்பள்ளி, பென்னாகரம், அரூர் வட்டத்தாருக்கும் மிக அருகில் உள்ள விமான நிலையம் இதுவே. நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் இதனை அடையலாம்.

இந்த வழித்தடத்தின் தொலைவு என்றும் மாறாதது. பறக்கும் நேரமும் கடந்த பல ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. ஆயினும் 1993 முதல் இன்றுவரை விமானச் சேவை பலமுறை தொடங்கி, பலமுறை நின்றுபோயிருக்கிறது. ஒரு மணி நேரப் பயணம் ஏன் நிலைத்து நிற்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைவை அளந்த வரலாறு

தருமபுரிப் பகுதிக்கும் தொலைவைக் குறித்து வைக்கும் வழக்கத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கற்கள் இப்பகுதியில் கிடைத்துள்ளன. அதியமான் பெருவழியில் நாவல்தாவளம் என்னும் ஊர் எத்தனை காதத் தொலைவில் உள்ளது என்பதை அவை குறிக்கின்றன. ஒரு கல்லில் உள்ள எண் 29 காதம். அந்த எண் தமிழ் எண்ணால் எழுதப்பட்டிருப்பதுடன் குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. இரண்டு பெரிய குழிகள் இருபதையும், ஒன்பது சிறிய குழிகள் ஒன்பதையும் குறிக்கும். எழுத்தறியாத வணிகரும் வண்டிக்காரரும் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். அந்தப் பெருவழியின் பெயரில் உள்ள அதியமானை நினைவூட்டும் அதியமான்கோட்டை இன்றைய நல்லம்பள்ளி வட்டத்தில்தான் இருக்கிறது.

நம் முன்னோர் தொலைவை நேரத்தாலும் அளந்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவுக்கு 'நாழிகை வழி' என்று பெயர். "அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "பஸ்ஸில் ஒரு மணி நேரம்" என்று இன்றும் நாம் விடை சொல்வது அதே பழக்கத்தின் தொடர்ச்சியே.

அறிவியல் முறையில் இந்தியத் துணைக்கண்டத்தை அளக்கும் பெரும்பணியும் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்து, மலையுச்சிகளையும் கோபுரங்களையும் முக்கோணங்களாக இணைத்து அளந்துகொண்டே சென்றனர். பின்னாளில் 'பெரும் முக்கோணவியல் அளவை' எனப் பெயர் பெற்ற இப்பணி இமயம் வரை நீண்டது. இன்று சென்னை விமான நிலையத்தில் இறங்குபவர் அருகில் காணும் குன்று இந்தப் பரங்கிமலைதான்.

266 கிலோமீட்டர் என்பது எப்படிக் கிடைக்கிறது?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு, பூமியின் வளைந்த பரப்பின் மேல் மிகக் குறுகிய வழியாகக் கணக்கிடப்படுகிறது. இதனைப் பெருவட்டத் தொலைவு என்பர். சில நூறு கிலோமீட்டர் அளவிலான தொலைவுக்குப் பத்தாம் வகுப்புக் கணிதமே போதுமானது. மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம்.

சேலம் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 11.78 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.07 பாகையிலும் உள்ளது. சென்னை நிலையம் 12.99 பாகை வடக்கிலும் 80.18 பாகை கிழக்கிலும் உள்ளது.

1. அட்சரேகை வேறுபாடு 1.21 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கி.மீ. ஆகவே வடக்கு நோக்கிய தொலைவு சுமார் 134.6 கி.மீ.

2. தீர்க்கரேகை வேறுபாடு 2.11 பாகை. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், இடைப்பட்ட அட்சரேகையின் கொசைன் மதிப்பான 0.977ஆல் பெருக்க வேண்டும். 2.11 × 111.2 × 0.977 = சுமார் 229.2 கி.மீ. இது கிழக்கு நோக்கிய தொலைவு.

3. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் கர்ணம் சுமார் 266 கி.மீ.

விமானிகள் இதனைக் கடல் மைலில் சொல்வர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எனவே இது சுமார் 144 கடல் மைல். இதே முறையில் கணக்கிட்டால் சேலத்திலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் சுமார் 162 கி.மீ., கோயம்புத்தூர் விமான நிலையம் சுமார் 139 கி.மீ. வான்தொலைவில் உள்ளன.

ரயில் பாதை நேர்கோட்டில் செல்வதில்லை. சென்னை சென்ட்ரலில் இருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சேலம் சந்திப்பு வரை இருப்புப்பாதைத் தொலைவு ஏறத்தாழ 335 கி.மீ. உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் செல்லும் சாலையும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆகவே வான்வழி சுமார் 70 கி.மீ. குறைவு.

பறக்கும் நேரம்: பாதிக் கணக்கு வானில், பாதிக் கணக்கு தரையில்

ஏ.டி.ஆர். 72 என்பது பிரான்சும் இத்தாலியும் கூட்டாகத் தயாரிக்கும், சுழலி பொருத்திய இரட்டை எஞ்சின் விமானம். 1988இல் முதன்முதலாகப் பறந்தது. எழுபதுக்கும் சற்று மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. இதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. அப்படியானால் 266 கி.மீ. தொலைவைக் கடக்க 32 நிமிடம் போதுமே, அட்டவணையில் ஏன் 55 நிமிடம் போடுகிறார்கள் என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அட்டவணையில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானத்தின் சக்கரத் தடுப்புக் கட்டையை எடுத்தது முதல், சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைப்பது வரையிலான மொத்த நேரம் அது. ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து செல்லும் நேரம், மேலே ஏறும்போது வேகம் குறைவாக இருக்கும் நேரம், காற்றின் திசைக்கு ஏற்பச் சுற்றி வந்து இறங்கும் நேரம், சென்னை போன்ற பரபரப்பான நிலையத்தில் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். 266 கி.மீ. தொலைவை 55 நிமிடத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 290 கி.மீ. மட்டுமே. அதாவது விமானத்தின் உண்மையான வேகத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல். தொலைவு குறையக் குறைய இந்த இழப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் உள்ளது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளுக்கு இடையே வான்தொலைவு 3 கி.மீ.கூட இல்லை. 1967 முதல் அங்கு விமானச் சேவை நடந்து வருகிறது. அட்டவணைப்படி பயண நேரம் இரண்டு நிமிடம். அங்கே விமானத்திற்கு மாற்று கடல்வழிப் படகுதான். அதனால் அந்தச் சேவை நிலைத்து நிற்கிறது. சேலத்திற்கோ ரயிலும் சாலையும் உண்டு. ஆகவே போட்டி கடுமையானது.

வீட்டிலிருந்து கணக்கிட்டால்

நல்லம்பள்ளியைச் சேர்ந்த ஒருவர் சென்னை நகருக்குள் செல்வதாக வைத்துக்கொள்வோம். காமலாபுரம் வரை காரில் முக்கால் மணி நேரம். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் ஒரு மணி நேரம். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி நேரம். மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோ ரயிலில் நகருக்குள் செல்ல முக்கால் மணி நேரம். ஆக மொத்தம் நான்கரை மணி நேரம்.

ரயிலில் சென்றால், 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் ரயில் சேலத்திற்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நல்லம்பள்ளியிலிருந்து சேலம் சந்திப்பு வரை செல்லவும் அங்கே காத்திருக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். பேருந்தில் சென்றால் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ஆறு, ஏழு மணி நேரம்.

இது தோராயக் கணக்கே என்றாலும் ஓர் உண்மையை எடுத்துக்காட்டுகிறது. வானில் கிடைக்கும் பெரிய லாபத்தைத் தரையில் செலவாகும் நேரம் விழுங்கிவிடுகிறது. ரயிலைவிட விமானம் மிச்சப்படுத்துவது ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. நகருக்குள் செல்வோருக்கு இது பெரிதில்லை. ஆனால் சென்னையிலிருந்து வேறு விமானத்தில் வெளிநாடோ வடமாநிலமோ செல்ல வேண்டியவருக்கும், காலையில் சென்று மாலையில் திரும்ப விரும்பும் தொழில்துறையினருக்கும் இச்சேவை உண்மையிலேயே பயன்படும். விமானம் குறித்த நேரத்தில், ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் பறக்க வேண்டும் என்பதே அவர்களது முதல் தேவை.

ரயிலும் முன்பு இப்படித்தான்

போக்குவரத்துச் சேவை வருவதும் போவதும் இப்பகுதிக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து மேற்கே சென்ற இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் சேலத்தை எட்டியது. ஆனால் அது தருமபுரியைத் தொடாமல் மொரப்பூர் வழியாகச் சென்றது. இக்குறையைப் போக்க 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில்பாதை அமைக்கப்பட்டது. பின்னர் அது ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதை மூடப்பட்டது. தருமபுரி மக்கள் சென்னை ரயிலைப் பிடிக்க மொரப்பூருக்குப் பேருந்தில் செல்லும் வழக்கம் அதன்பின் பல தலைமுறையாகத் தொடர்கிறது. மூடுவது எளிது, மீண்டும் கொண்டுவருவது கடினம் என்பதற்கு மொரப்பூர்ப் பாதையே சான்று.

தென்னாட்டில் விமானம்

தென்னிந்தியாவில் விமானப் பறப்பின் தொடக்கம் 1910. சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்த விமானத்தை அவ்வாண்டு பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1990களின் தொடக்கத்தில் தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. சேலம் விமான நிலையம் பிறந்தது அந்தக் காலகட்டத்தில்தான்.

சேலத்திற்கு விமானம் தேவை என்று கேட்டவர்களிடம் காரணங்கள் இருந்தன. சேலம் உருக்காலை, ஜவ்வரிசி ஆலைகள், ஜவுளி, வெள்ளிக் கொலுசுத் தொழில், ஏற்காடு சுற்றுலா என வணிகம் நிறைந்த மாவட்டம் அது. சேர்வராயன் மலைத்தொடருக்கு மேற்கே, காமலாபுரத்தில் சுமார் 136 ஏக்கரில் நிலையம் அமைந்தது. ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஏ.டி.ஆர். போன்ற சுழலி விமானங்களுக்கு இது போதும். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானங்கள் வழக்கமான சேவை நடத்த இது போதாது. பின்னாளில் எழுந்த பெரிய பிரச்சினைக்கு இந்த அளவுகளே அடிப்படை.

வந்த சேவைகளும் நின்ற சேவைகளும்

முதல் கட்டம் (1993 முதல்): நிலையம் 1993இல் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. நிறுவனம் சேவை நடத்தியது. போதிய பயணிகள் வராததால் அது நின்றது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணிகள் விமானம் இல்லை. ஓடுபாதை மட்டும் இருந்தது.

இரண்டாம் கட்டம் (2009): 2009 நவம்பர் 15 அன்று கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னை–சேலம் சேவையை ஏ.டி.ஆர். விமானத்தில் தொடங்கியது. மூன்று ஆண்டு நிறைவதற்குள் அதுவும் நின்றது. கடன் சுமையில் சிக்கிய அந்நிறுவனம் 2012 அக்டோபரில் நாடு முழுவதும் பறப்பதை நிறுத்திவிட்டது.

மூன்றாம் கட்டம் (2018): மத்திய அரசின் 'உடான்' எனப்படும் வட்டார விமான இணைப்புத் திட்டம் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இதன்படி ஒரு மணி நேரப் பயணத்திற்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு சுமார் 2,500 ரூபாய். அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட நிறுவனத்திற்கு மூன்று ஆண்டுகளுக்கு நிதி தரப்படும். அதில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கும். இத்திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச் 25 முதல் சென்னை–சேலம் சேவையைத் தொடங்கியது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அதனைத் தொடங்கிவைத்தார். கொரோனா ஊரடங்கில் தடைப்பட்டு, 2020 மே மாத இறுதியில் மீண்டும் பறந்த இச்சேவை 2021இல் நின்றது.

நான்காம் கட்டம் (2023): 2023 அக்டோபர் 16 அன்று அலையன்ஸ் ஏர் நிறுவனம் பெங்களூரு–சேலம்–கொச்சி சேவையைத் தொடங்கியது. அதே மாதம் 29 முதல் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் வரத் தொடங்கின. சென்னைக்கான வான்வழி மீண்டும் திறந்தது.

முப்பது ஆண்டுகளில் நான்கு தொடக்கங்கள். நான்கிலும் பறந்த தொலைவு அதே 266 கி.மீ.தான்.

ஏன் நிற்கின்றன?

சேலத்தின் அனுபவம் தனி அனுபவம் அன்று. உடான் திட்டம் குறித்து இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2023இல் வெளியிட்ட அறிக்கை நாடு தழுவிய நிலையைக் காட்டியது. மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கப்பட்டன. மூன்று ஆண்டு சலுகைக் காலத்தை முழுமையாக நிறைவு செய்தவை 112. சலுகை முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை 54 மட்டுமே.

இதற்குப் பொதுவான காரணங்கள் சில உண்டு. முதலாவது, இருக்கை நிரம்பும் அளவு. எழுபது இருக்கை விமானம் பாதி காலியாகப் பறந்தாலும் எரிபொருள், விமானி, வாடகைச் செலவுகள் குறைவதில்லை. இரண்டாவது, குறுகிய தொலைவில் எரிபொருள் செலவு மிகுதி. தரையிலிருந்து மேலே ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் எரியும். குறுகிய பயணத்தில் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிட வேண்டியிருக்கும். மூன்றாவது, ஒரே ஒரு விமானத்தை நம்பிய சேவை. அது பழுதானால் அன்றைய பயணம் ரத்தாகும். இரண்டு முறை ரத்தானால், பயணி மூன்றாம் முறை ரயிலில் முன்பதிவு செய்துவிடுவார். நான்காவது, பருவநிலை. மழை மேகமோ பனிமூட்டமோ சூழ்ந்த நாளில் சிறிய நிலையங்களில் இறங்குவது பெரிய நிலையங்களைவிடக் கடினம்.

சேலத்தைப் பொறுத்தவரை அண்டையில் உள்ள பெரிய நிலையங்களும் பயணிகளை ஈர்க்கின்றன. நல்லம்பள்ளியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் ஏறத்தாழ 175 கி.மீ. சாலைத் தொலைவில் இருந்தாலும், அங்கிருந்து உலகின் பல நகரங்களுக்கு நேரடி விமானம் உண்டு. அதனால் தருமபுரி மாவட்டத்தார் பலர் அங்கே செல்வதையே விரும்புகின்றனர்.

ஓடுபாதையும் விளைநிலமும்

ஓடுபாதை நீண்டால் ஜெட் விமானம் வரும், விமானம் பெரிதானால் சேவை நிலைக்கும் என்பது விரிவாக்கத்தை ஆதரிப்போர் வாதம். இதற்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் சுமார் 570 ஏக்கர் நிலம் கூடுதலாகத் தேவை என்று திட்டமிடப்பட்டது. 2018இல் அவ்வூர் விவசாயிகள் இதனை எதிர்த்துப் போராடினர். நிலையம் முதலில் அமைந்தபோதே நிலம் கொடுத்த பகுதி அது. மீண்டும் நிலம் கொடுத்தால் எஞ்சுவது என்ன என்பது அவர்களது கேள்வி.

அதே ஆண்டில் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்கள் வழியாக அது செல்லவிருந்தது. அதன் நீளம் 277.3 கி.மீ. மேலே கணக்கிட்ட வான்தொலைவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு சுமார் 11 கி.மீ. தொடக்க, முடிவு இடங்கள் சற்று வேறானாலும், அந்தச் சாலை ஏறத்தாழ விமானம் பறக்கும் நேர்கோட்டிலேயே திட்டமிடப்பட்டது என்பது இதனால் விளங்கும். நேர்கோட்டில் விமானம் பறப்பதற்கு வழியில் யாருடைய நிலமும் வேண்டாம். நேர்கோட்டில் சாலை போட, இடையில் உள்ள கிணறும் தென்னந்தோப்பும் வீடும் போக வேண்டும். அத்திட்டத்திற்கான நிலமெடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிக்கை செல்லும் என்றும், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பிறகே மேற்கொண்டு செயல்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சாலை போடப்படவில்லை.

விமானம் வானில் பறந்தாலும், அது இறங்க நிலம் வேண்டும். அந்த நிலத்தைத் தருபவர் பெரும்பாலும் விமானத்தில் பயணம் செய்பவர் அல்லர். விரிவாக்கம் பற்றிய எந்த விவாதத்திலும் இதனை ஒதுக்கிவிட முடியாது. 1993இல் கட்டிய ஓடுபாதை பல ஆண்டுகள் பயணிகள் விமானமே இல்லாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவ்வூர் மக்கள். எனவே "நிலம் கொடுங்கள், வளர்ச்சி வரும்" என்ற சொல்லை அவர்கள் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

கடல் கடந்த ஓர் ஒப்புமை: சென்னை – யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் வரை வான்தொலைவு ஏறத்தாழ 356 கி.மீ. இங்கும் ஏ.டி.ஆர். விமானமே பறந்தது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. பின்னர் உள்நாட்டுப் போரால் இத்தொடர்பு பல பத்தாண்டுகள் அறுந்து கிடந்தது. பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் சென்றது. நான்கு மாதத்தில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. சேலத்தில் பயணிகள் குறைவும் நிறுவனங்களின் நலிவும் தடையாயின. யாழ்ப்பாணத்தில் போரும் நோயும் தடையாயின. ஒன்றேகால் மணி நேர வானத் தொலைவை ஒரு தலைமுறை மக்கள் கொழும்பு வழியாகச் சுற்றிச் சென்று கடந்தனர்.

ஓசூர் அறிவிப்பும் வருங்காலமும்

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தின்படி 150 கி.மீ. சுற்றளவுக்குள் 2033 வரை புதிய நிலையம் அமைக்கக் கட்டுப்பாடு உள்ளது. எனவே அதன் காலக்கெடு இதனோடு பிணைந்தது. ஓசூர் நிலையம் வந்தால் நல்லம்பள்ளி, சேலத்திற்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட ஊராகிவிடும். அப்போது சேலம் நிலையத்தின் பயணிகள் குறைவார்களா அல்லது இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகுமா என்பதைப் போகப் போகத்தான் காண முடியும்.

முடிவுரை

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் என்று கேட்டால் இணையம் நொடியில் விடை சொல்கிறது: 266 கி.மீ., ஒரு மணி நேரம். அந்த விடை சரியானதே. ஆனால் 1990களின் பிற்பகுதியிலோ 2015இலோ 2022இலோ சேலத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டவருக்கு அந்த ஒரு மணி நேரம் பயன்படவில்லை. அவர் ரயிலிலோ பேருந்திலோதான் சென்றார். தொலைவைப் பூமி முடிவு செய்கிறது. வேகத்தை எஞ்சின் முடிவு செய்கிறது. அன்று விமானம் உண்டா இல்லையா என்பதைப் பயணிகள் எண்ணிக்கை, அரசின் மானியம், நிறுவனத்தின் நிதிநிலை, நிலம் தந்த உழவரின் இசைவு ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன.

மாணவர்கள் தங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தை எடுத்துக்கொண்டு, மேலே தந்த முறையில் வான்தொலைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கை முடித்த கையோடு, அந்த வழித்தடத்தில் எந்தெந்த ஆண்டுகளில் விமானம் பறந்தது, எந்தெந்த ஆண்டுகளில் பறக்கவில்லை என்பதையும் பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிட வேண்டும். கணக்கும் பட்டியலும் சேர்ந்தால்தான் அந்த வழித்தடத்தின் வரலாறு முழுமையாகும்.